மன்னார்த் தீவின் குடிநீர்: மணலும் மழையும் ஊர்ச் சங்கமும்

இலங்கையின் மன்னார்த் தீவில் ஆறு கிடையாது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்த மணல் தீவுக்கு இயற்கையாகக் கிடைக்கும் நன்னீர் மழை ஒன்றே. அருவி ஆறும் கட்டுக்கரைக் குளமும் இருப்பது எதிரே உள்ள பெருநிலத்தில். இடையில் ஆழமற்ற கடல். அதன் குறுக்கே ஒரு தாம்போதி. தீவின் கிழக்கு முனையில் மன்னார் நகரமும் அதை ஒட்டிப் பள்ளிமுனையும், மேற்கு முனையில் தலைமன்னாரும், நடுவே எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை முதலிய ஊர்களும் உள்ளன. பெரும்பாலான ஊர்களின் வாழ்வு கடற்றொழில். மூன்று பக்கமும் நீர் தெரியும் இந்த ஊர்களில் ஒரு குடம் குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது கெடாமல் யார் காக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பிள்ளைகளின் உடல்நலமும் படிப்பும் அமைகின்றன.

மழை சீராகப் பெய்வதில்லை. ஆண்டு மழையான ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றரில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் கொட்டிவிடுகிறது. பெப்ரவரிக்குப் பிறகு, சித்திரையில் விழும் சில மழைகளைத் தவிர, வானம் வறண்டே கிடக்கும். மூன்று மாதத்தில் வருவதை ஆண்டு முழுவதும் வைத்திருப்பதுதான் தீவின் நீர்ச் சிக்கல்.

மணலுக்குள் தங்கும் நீர்

அந்த வேலையை முதலில் செய்வது மணல். தளர்வான மணலில் கன அளவில் 25 முதல் 40 சதவீதம் வரை இடைவெளி உண்டு. மழைநீர் அதற்குள் விரைவாக இறங்கித் தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே, கடலிலிருந்து பக்கவாட்டில் ஊடுருவிய உப்புநீர் இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு படலமாகப் பரவி நிற்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கைபனும் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட கணக்கு இங்கே உதவும். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. மேலே அரை மீற்றர் இறைத்துவிட்டால் கீழே உப்புநீர் 20 மீற்றர் வரை மேலேறி வர இடம் உண்டாகிறது. மண்ணின் தன்மை, கலக்கும் வலயம் ஆகியவற்றால் நடைமுறையில் இந்த எண்கள் மாறும். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கீழிருந்தே உவராகும் என்பது மாறாது.

இலங்கையின் நிலத்தடி நீர்நிலைகளை பானபொக்க, பெரேரா என்ற இரு அறிஞர்கள் 2005இல் ஆறு வகையாகப் பிரித்தனர். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நீர்நிலை ஒரு வகை. கரையோர மணல் நீர்நிலைகள் இன்னொரு வகை. மன்னார்த் தீவின் வீட்டுக் கிணறுகள் இந்த இரண்டாவது வகை நீரையே நம்பியவை. சில அடி தோண்டினாலே நீர் வரும். அந்த எளிமையே ஆபத்தும் ஆகிறது: கைக்கு எட்டும் நீருக்கு அழுக்கும் எட்டிவிடும்.

கிணறு கெடும் வழிகள்

உப்பு ஏறுவது ஒரு வழி. கயிறும் வாளியும் கொண்டு அள்ளிய காலத்தில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு ஒரு வரம்பு இருந்தது. மின்மோட்டார் வந்ததும் அந்த வரம்பு போயிற்று. ஒரே இடத்தில் ஆழத்திலிருந்து வேகமாக உறிஞ்சும்போது, குழாயின் வாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வருகிறது. அகலமான, ஆழமற்ற கிணறுகள் பலவற்றிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பதே மணல் தீவுக்குப் பொருந்தும்.

கடல் மேலே ஏறி வருவது இரண்டாவது வழி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னாரையும் தாக்கியது. கரைமீது ஏறும் கடல்நீர் மணலில் இறங்கினால், அது கழுவப்பட அடுத்தடுத்த மாரிகள் தேவைப்படும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் பல்லாயிரம் கிணறுகள் உவராயின. நல்லெண்ணத்தோடு சென்றவர்கள் அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துக் காலியாக்கினார்கள். சில இடங்களில் அந்த இறைப்பே கீழிருந்த உப்புநீரை மேலே இழுத்தது. ஒரு முறை துப்புரவு செய்து, பின்னர் மழைக்கு விட்டுவிடுவதே நல்லது என்ற அறிவுரை அதன்பின் வந்தது.

மூன்றாவது வழி மலசலகூடக் குழி. அவசரகால உதவிப் பணிகளுக்கான ஸ்பியர் நெறிமுறை, குழிக்கும் நீர்நிலைக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் தூரம் வேண்டும் என்கிறது; குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நெருக்கமாக வீடுகள் அமைந்த கரையோரக் குடியிருப்பில் ஒரு வளவுக்குள் 30 மீற்றர் கிடைப்பது அரிது. மாரியில் நீர்மட்டம் நிலத்தை நெருங்கிவிட்டால் இரண்டாவது விதியையும் காக்க முடியாது. வெள்ளம் நிற்கும் நாட்களில் குழியும் கிணறும் ஒரே நீராகிவிடுகின்றன. கிணற்றுக்கு உயரமான கட்டும் மூடியும், குழிக்குப் பதிலாக மேடையில் அமைந்த, கசியாத தொட்டியும் இருந்தால்தான் இதைத் தவிர்க்கலாம்.

போரும் இந்த மெல்லிய நீரின்மேல் சுமை ஏற்றியது. 1990இல் தொடங்கிய இடப்பெயர்வின்போது மக்கள் தீவை விட்டு வெளியேறியதும் தீவுக்குள் வந்து குவிந்ததும் மாறி மாறி நடந்தன. பெருநிலத்தில் உள்ள மடுவிலும் தீவின் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் உயர்தானிகர் அலுவலகம் "திறந்த நிவாரண மையங்களை" நடத்தியது. ஓர் ஊருக்கு மட்டுமே போதுமான கிணறுகள் முகாமுக்கும் நீர் தர வேண்டியிருந்தால் எவ்வளவு திணறும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறியவர்களுக்கோ கைவிடப்பட்ட கிணறுகளைத் துப்புரவாக்குவதே முதல் வேலையாயிற்று.

பிள்ளைகள்மேல் விழும் சுமை

கெட்ட நீரின் பாதிப்பு வயதுக்கு வயது வேறுபடும். தொண்டையில் உப்புக் கரிப்பது பெரியவருக்குத் தொல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி கைக்குழந்தைக்கு உயிர் ஆபத்து. உலகில் 5 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4.4 லட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கு நோய்களால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக்கூடாது என்பது அதன் விதி. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தை உண்ட உணவின் பலனை இழக்கிறது; எடையும் உயரமும் பின்தங்குகின்றன.

குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்று இன்னொரு ஆபத்து. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலமாகலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றும் உப்பும் போகா, நீர் வற்ற வற்ற அவை செறியவே செய்யும். ஆகவே "கொதிக்கவைத்துக் குடி" என்ற ஓர் அறிவுரை மட்டும் எல்லாக் கிணற்றுக்கும் போதாது; நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு செலவு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளவுக்குள் நீர் இல்லாத வீடுகளில் 180 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அத்தகைய பத்து வீடுகளில் ஏழில் நீர் கொண்டுவருவது பெண்களின் வேலை. 15 வயதுக்குட்பட்டவர்களிலும் சிறுவர்களைவிடச் சிறுமிகளே இந்த வேலையில் கூடுதலாக ஈடுபடுகிறார்கள். போய், வரிசையில் நின்று, திரும்பி வர 30 நிமிடத்துக்கு மேல் ஆனால், நல்ல நீரே கிடைத்தாலும் அதை "மட்டுப்பட்ட சேவை" என்றே இரு நிறுவனங்களும் கணக்கிடுகின்றன. கோடையில் நீர் கொண்டுவரும் பவுசர் வரும் நேரம் பள்ளி நேரமாக இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையின் பாடம் பறிபோகிறது.

பள்ளிக்கூடத்தில் நீர் இருந்தும் கைகழுவச் சவர்க்காரம் இல்லையென்றால் பயன் பாதி. முறையாகக் கைகழுவும் பழக்கத்தைக் கற்பித்தால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. வயது வந்த மாணவிகளுக்குப் பூட்டுள்ள, நீர் வரும் மலசலகூடம் இல்லாத பள்ளியில் மாதந்தோறும் சில நாட்கள் வருகை குறையும். ஆகவே பள்ளியின் நீர்த் திட்டம் கிணற்றடியில் முடிவதில்லை. குழாய், கழிப்பிடம், சவர்க்காரம், துப்புரவுப் பணியாளர் எல்லாம் அதன் பகுதிகள்.

முருங்கனிலிருந்து வரும் நீர்

தீவின் நீர் போதாதபோது பெருநிலத்து நீரைக் கொண்டுவருவது அடுத்த வழி. மதவாச்சி வீதியில் உள்ள முருங்கன் பகுதியின் அடியில், வண்டற்பாறைப் படிவுகளுக்குள் ஆழமான நீர்நிலை ஒன்று இருக்கிறது. மேலே நீர் ஊடுருவாத படலம் மூடியிருப்பதால் குழிக் கழிவு எளிதில் அதை எட்டாது. இங்குள்ள குழாய்க்கிணறுகளே மன்னார் நீர் வழங்கலுக்கு மூலம். மன்னார், வவுனியா, புத்தளம், சிலாபம் ஆகிய நகரங்களுக்காக ஆசிய அபிவிருத்தி வங்கி 2008இல் கடன் வழங்கிய உலர்வலய நகர நீர் வழங்கல், துப்புரவுத் திட்டம் இந்த அமைப்பை விரிவாக்கியது. செயற்படுத்தியது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை.

குளோரின் கலந்து, மேனிலைத் தாங்கிக்கு ஏற்றி, குழாய்வழி வீட்டுக்கு வரும் நீர் மாரி வெள்ளத்திலும் பாதுகாப்பானது. குழாயின் கடைசி முனையிலும் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் வழியில் சேரும் கிருமியும் சாகும். இந்த முறைக்கும் வரம்புகள் உண்டு. ஆழத்து நீரும் மழையால்தான் நிரம்புகிறது. நிரம்பும் வேகத்தைவிட எடுக்கும் வேகம் கூடினால் அதுவும் குறையும். மின்சாரம் நின்றால் நீரும் நிற்கும். இணைப்புக் கட்டணமும் மாதப் பட்டியலும் தொழில் இல்லாத பருவத்தில் கடற்றொழில் குடும்பத்துக்குச் சுமை. அதனால் குழாய் வந்த பிறகும் குளிக்க, துவைக்க, மரக்கறித் தோட்டத்துக்கு வீட்டுக் கிணறு தேவைப்படுகிறது. இரண்டையும் காப்பாற்றுவதே அறிவு.

கடல்நீரை நன்னீராக்குவது மூன்றாவது தெரிவு. யாழ்ப்பாணம் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. தொழில்நுட்பம் நம்பகமானது, ஆனால் மின்செலவும் சவ்வு மாற்றும் செலவும் பெரிது. சிற்றூர் ஒன்று தானே தாங்கக்கூடியதன்று.

கூரைநீர்

மணலுக்குள் இறங்குமுன் மழையைப் பிடிப்பது இன்னொரு வழி. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லீற்றர் கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் எடுத்தால் நாளுக்கு 25 லீற்றர். 8,000 லீற்றர் தாங்கி மாரி முடிவில் நிறைந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு 320 நாட்கள் வரும். ஆண்டின் வறண்ட காலம் முழுவதையும் அது கடத்திவிடும்.

இலங்கையில் 1990களில் உலக வங்கி உதவியுடன் நடந்த சமூக நீர் வழங்கல் திட்டம் கூரைநீர்த் தாங்கிகளைப் பரப்பியது. கம்பிவலையும் சீமெந்துச் சாந்தும் கொண்டு பூசணிக்காய் வடிவில் கட்டும் தாங்கி அப்போது பெயர் பெற்றது. உள்ளூர் மேசனே கட்டலாம் என்பது அதன் சிறப்பு. 1996இல் இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் தோன்றியது. 2005இல் மழைநீர் பற்றிய தேசியக் கொள்கையும் வந்தது.

தாங்கி கட்டுவது எளிது. நீரைக் கெடாமல் வைப்பதில்தான் கவனம் வேண்டும். முதல் மழை கூரையின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவி வரும். அதை வெளியே விடத் தனிக் குழாய் வேண்டும். பீலியில் சருகு தேங்கக்கூடாது. நுளம்பு முட்டையிடாதபடி வலை வேண்டும். வாளி விட்டு அள்ளாமல் குழாய் வழியாக எடுக்க வேண்டும். இவற்றைச் செய்யாத வீட்டில் தாங்கி சில ஆண்டுகளில் விறகு வைக்கும் இடமாகிவிடும்.

ஆபிரிக்காவிலும் இதே அறிவு வேறு உருவில் உண்டு. பள்ளிமுனையில் நிற்கும் புகழ்பெற்ற பெருக்கமரம், 1477ஆம் ஆண்டில் அராபிய வணிகர்களால் நடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதன் அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். அந்த இனத்தின் தாயகம் ஆபிரிக்கா. சூடானின் கொர்டோபான் பகுதியில் இதே மரத்தின் அடியைக் குடைந்து, மழைநீரை நிரப்பிக் கோடைக்கு வைத்திருப்பார்கள். கென்யாவின் கிட்டுயி, மச்சாக்கோஸ் பகுதிகளில் பருவகால ஆறுகளுக்குக் குறுக்கே ஊர்க் குழுக்கள் கட்டும் மணல் அணைகளும் உண்டு. அணைக்குப் பின்னால் மணல் நிறைய, அந்த மணலுக்குள் நீர் ஆவியாகாமல் தங்குகிறது. மன்னாரில் இயற்கை செய்ததை அங்கே மக்கள் கட்டி எழுப்புகிறார்கள்.

பழுதான பம்பிகள் தந்த பாடம்

எந்த வழியில் நீர் வந்தாலும் அதைத் தரும் கருவியைப் பராமரிக்க வேண்டும். கிராமப்புற ஆபிரிக்காவில் கடந்த அரை நூற்றாண்டில் நிறுவப்பட்ட கைப்பம்பிகள் பல லட்சம். பல நாடுகளில் அவற்றில் பெரும்பாலானவை இந்தியா மார்க் 2 என்ற வகை அல்லது அதன் வழித்தோன்றல்கள். 1970களில் யுனிசெவ் முயற்சியால் உருவான இந்தப் பம்பி கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிணறுகளில் சோதிக்கப்பட்டு, சென்னையின் ரிச்சர்ட்சன் அன்ட் குருடாஸ் ஆலையில் உற்பத்தியானது. உகாண்டாவும் மாலியும் இதைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. உறுதியான இந்தப் பம்பியும் தேயும் உதிரிப்பாகங்களைக் கொண்டதே. சகாராவுக்குத் தெற்கே எந்த நேரத்திலும் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பம்பிகள் இயங்காமல் கிடப்பதாக வெவ்வேறு கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. தோல் வளையம் ஒன்று தேய்ந்ததுதான் பல இடங்களில் காரணம். அதை வாங்கப் பணம் சேர்த்து வைத்தவரும் இல்லை, மாற்றத் தெரிந்தவரும் இல்லை.

புதுமை இந்தக் குறையை நிரப்பாது என்பதற்கு பிளேபம்ப் கதை சான்று. பிள்ளைகள் சுழற்றி விளையாடும் இராட்டினமே நீரை மேலே தூக்கும் என்ற இந்தத் திட்டத்துக்கு 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டொலர் உதவி அறிவிக்கப்பட்டது. ஓர் ஊருக்கு வேண்டிய நீரை இறைக்கப் பிள்ளைகள் நாள் முழுவதும் விளையாடினாலும் போதாது என்று பின்னர் தெரிந்தது. விளையாட்டு ஓய்ந்த இடங்களில் தாய்மார் இராட்டினத்தைத் தள்ளினார்கள். நான்கு ஆண்டுக்குள் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த் திசையில் ஓர் எடுத்துக்காட்டு கென்யாவின் கியூசோவில் கிடைத்தது. ஒக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைப்பம்பிகளின் பிடியில் சிறு அலைபேசிக் கருவியைப் பொருத்தினார்கள். பிடி அசையாத நாள் அது மையத்துக்குச் செய்தி அனுப்பும். பழுதுபார்ப்பவர் உடனே வருவார். ஒரு பழுதைச் சரிசெய்ய முன்பு சராசரியாக 27 நாட்கள் ஆனது. சோதனைக் காலத்தில் 3 நாளுக்குள் முடிந்தது. நீர் நிற்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் பழைய குட்டைக்குத் திரும்பும் நாள் என்பதால், இந்த வேறுபாடு நேரடியாக உடல்நலத்தில் தெரியும்.

ஊர்ச் சங்கத்தின் வேலை

இலங்கையில் இந்தப் பராமரிப்புப் பொறுப்பை ஏற்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிற்றூர் நீர்த் திட்டங்களைப் பயனாளர் சங்கங்களே நடத்தும் முறை 1990களில் பரவியது. அவற்றுக்குத் துணையாக 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது. திட்டம் தொடங்குமுன் வீடுகள் அங்கத்துவம் எடுக்கும். மூலதனச் செலவில் ஒரு பங்கை உழைப்பாகவும் பணமாகவும் தரும். முடிந்தபின் மானி பார்த்து மாதக் கட்டணம் செலுத்தும். அந்தப் பணத்தில் பம்பி இயக்குநரின் சம்பளம், மின்கட்டணம், குளோரின், உதிரிப்பாகம் எல்லாம் அடங்கும். கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்.

மன்னார் ஊர்களில் கூட்டுச் செயலுக்குப் பழக்கமுள்ள அமைப்புகள் முன்பே உண்டு: கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், ஆலயச் சபை, பள்ளிவாசல் நிர்வாகம். நீருக்கென்று புதிதாக ஒரு குழுவைத் தொடங்கி, உதவி நிறுவனம் போனதும் அது கலைவதைவிட, இவற்றில் ஒன்றிடம் வேலையை ஒப்படைப்பது நிலைக்கும். நீர் சுமப்பவர்கள் பெண்கள் என்பதால், குழாய் எங்கே வைப்பது, எந்த நேரம் திறப்பது என்பதை மாதர் சங்கம் தீர்மானித்தால் பள்ளி நேரம் காக்கப்படும்.

சங்கம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மாரிக்கு முன் பீலியும் தாங்கியும் துப்புரவாக்குவது. வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் நீரைச் சோதிப்பது. கோடையில் உப்புச் சுவை ஏறும் கிணறுகளைக் குறித்துவைத்து அவற்றில் மோட்டார் ஓட்டும் நேரத்தைக் குறைப்பது. புதிய மலசலகூடம் கட்டுமுன் அயல் கிணற்றின் தூரத்தை அளப்பது. முடிவுகளைப் பள்ளியிலும் கடைத்தெருவிலும் ஒட்டுவது.

ஊரின் எல்லைக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளும் இந்த நீரைத் தொடுகின்றன. மன்னாரின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிம மணல் அகழ்வதற்கும் எதிராக 2025இல் தீவு மக்கள் தொடர்ந்து போராடினார்கள். வெள்ளம் வடியும் வழிகள் அடைபடும், நிலத்தடி நீர் கெடும் என்பன அவர்கள் சொன்ன காரணங்களில் சில. மணலே நீர்த்தொட்டியாக இருக்கும் தீவில் மணலை அகழும் எந்தத் திட்டமும், நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் முன்கூட்டி அளந்து, அந்த அளவுகளை மக்கள்முன் வைக்க வேண்டியது முறை.

2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரையும் துப்புரவையும் மனித உரிமையாக ஏற்றது. அந்த உரிமை ஒரு வீட்டை எட்ட, முருங்கன் குழாய், கூரைத் தாங்கி, காக்கப்பட்ட கிணறு என மூன்றும் வேண்டும். ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கும். கட்டும் செலவை அரசோ உதவி நிறுவனமோ ஒருமுறை தரலாம். ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவுக்குக் கட்டணமும், கணக்கும், பயிற்சி பெற்ற ஓர் ஆளும் இருக்கும் ஊரில்தான் பிள்ளைகளுக்கு அடுத்த கோடையிலும் நல்ல நீர் கிடைக்கும்.